இல்லத்துக் கமிட்டியில் சேரலாமா? மண்டபத்துச் சோற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: அக்கா, நான் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்து 11 வருடமாக ஒரு பெண் பிள்ளைகள் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். வயது 37. பெயர் போட வேண்டாம், தக்கலைப் பக்கம் என்று மட்டும் போடுங்கள். வீட்டுக்காரர் கல்ஃபில் இருக்கிறார். கொஞ்ச வருடம் முன்பு நானும் நாலைந்து பேரும் சேர்ந்து கல்யாண மண்டபங்களில் மிஞ்சுகிற சாப்பாட்டை வாங்கி ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட் என்று கொடுக்க ஆரம்பித்தோம். நன்றாகப் போனது. இப்போது இல்லத்துக் கமிட்டி அந்த வேலையைத் தங்கள் பெயரில் எடுத்துக்கொண்டது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிள்ளைகளின் ராத்திரிச் சாப்பாடே மண்டபத்திலிருந்துதான். பலசரக்குச் செலவு பாதியாகிவிட்டது என்று பொருளாளருக்குச் சந்தோஷம். போன மாதம் ஒரு நாள் ராத்திரி ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்றாக வாந்தி. இப்போது என்னையும் கமிட்டியில் சேரச் சொல்கிறார்கள். என் வேலை அப்படியே இருக்குமாம். "சம்பளம் இல்லாத பதவி உனக்கு எதுக்கு?" என்கிறார் மாமியார். எனக்கு என்றைக்காவது குழந்தைகள் நலக் குழுவில் உறுப்பினராக வேண்டும் என்று ஆசை உண்டு. சேரலாமா?

பதில்:

பதவியை அப்புறம் பேசுவோம் தங்கச்சி. முதலில் அந்த வாந்தி.

சாப்பிட்ட ராத்திரியே இத்தனை பிள்ளைகளுக்கு ஒன்றாக வந்தது என்றால் எல்லோரும் தொடுகறியைத்தான் குறை சொல்வார்கள், எனக்கு முதலில் சோற்றின் மேல் சந்தேகம் வரும். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்றொரு கிருமியின் வித்து இருக்கும். கொதிக்கிற உலையிலும் அது சாகாது. வடித்த சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை விட்டுவிடும், அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். "ஆவி பறக்கச் சூடாக்கித்தானே கொடுத்தேன்" என்று உங்கள் சமையல்கார அம்மா சொல்லியிருப்பார், பாவம், அது உண்மையாகவும் இருக்கும். இது அதுதானா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் டாக்டரிடம் காட்டினார்களா, சீட்டு இருக்கிறதா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை, எனக்கு உறுத்துவது அதுதான்.

நம்ம ஊர்க் கல்யாணச் சாப்பாட்டை மணி பார்த்துக் கணக்குப் போடுங்கள். விடியும் முன்பே அடுப்பு மூட்டுகிறார்கள். அவியல், எரிசேரி, ஓலன், கிச்சடி எல்லாம் பத்து மணிக்குள் இறங்கிவிடும், சோறு பத்தரைக்குள் வடித்துப் பாயில் கொட்டியிருப்பார்கள். முகூர்த்தம் முடிந்து கடைசிப் பந்தி எழும்போது மத்தியானம் இரண்டரை. மிச்சம் எவ்வளவு என்று தெரிந்து மண்டபத்துக்காரர் உங்களுக்குப் போன் போடுவது மூன்று மணிக்கு. ஆட்டோ பிடித்து, பாத்திரம் மாற்றி இல்லத்துக்கு வந்து சேர நாலு, நாலரை. பிள்ளைகள் சாப்பிடுவது ஜெபம் முடிந்து ஏழரைக்கு. ஒன்பது மணி நேரம்! இதில் தேங்காய் அரைக்காத கறியை நம்ம பந்தியில் விரல் விட்டு எண்ணலாம். ஓலனில் தேங்காய்ப்பால். புளிசேரியில் தேங்காயும் மோரும். அவியல் என்பது கடைசியில் தயிர் விட்டு, பச்சைத் தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும் தூவி மூடி வைக்கிற கறி, திரும்பக் கொதிக்க விடுவதில்லை. குட்டுவத்தின் (பெரிய பாத்திரம்) மூடியைத் திறந்தால் உள்பக்கம் வியர்த்து நீர் சொட்டும், கரண்டியை விட்டுத் தூக்கினால் அடியில் நூல் இழுக்கும். அந்த நேரத்தில் அதை மோந்து பார்த்து நல்லதா கெட்டதா என்று முடிவு செய்வது யார் என்று பார்த்தால், இல்லத்தில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற ஒரு பிள்ளையாகத்தான் இருக்கும்.

மிச்ச உணவை வாங்குவதே தப்பு என்று சொல்லவில்லை, நல்ல வேலை அது. அதற்கு விதி இருக்கிறது என்கிறேன். உபரி உணவை மீட்டு விநியோகிப்பதற்கென்றே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 2019-இல் தனி ஒழுங்குமுறை கொண்டுவந்தது. விநியோகிக்கிற அமைப்பு பதிவு செய்திருக்க வேண்டும், யாரிடம் வாங்கினோம், எப்போது சமைத்தது, எங்கே கொடுத்தோம் என்று பதிவேடு வேண்டும், பாத்திரத்தில் ‘விற்பனைக்கு அல்ல’ என்று எழுதியிருக்க வேண்டும். சூடான உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, குளிர்ந்தது 5 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது, நடுவில் இருப்பதுதான் கிருமிக்கு வாய்ப்பான இடம். கம்பியைக் குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்தான், ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். "எத்தனை மணிக்கு இறக்கினது?" என்று சமையல்காரரிடம் நேராகக் கேளுங்கள், மண்டபத்து மேனேஜரிடம் கேட்காதீர்கள். பரிமாறுகிற வாளியில் இருந்ததைத் தொடாதீர்கள், பந்திக்கே போகாத பாத்திரத்தில் உள்ளதை மட்டும் எடுங்கள். பப்படம், உப்பேரி, சர்க்கரைவரட்டி, மட்டிப்பழம், பிரிக்காத அரிசி மூட்டை, பயன்படுத்தாத காய்கறி இதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், பெரும்பாலும் இவற்றைத்தான் யாரும் கேட்பதில்லை. சோறும் கறியும் வாங்கின கையோடு சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜில் நோயாளிக்குத் துணை இருக்கிறவர்கள், வடசேரி பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறவர்கள், ஆரல்வாய்மொழிப் பக்கத்துச் செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்கள். ராத்திரிக்கு எடுத்து வைக்கப் போகிற யாருக்கும் வேண்டாம். ரிசப்ஷன் முடிந்து ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தால் "இன்றைக்கு முடியாது" என்று சொல்லப் பழகுங்கள். சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்வது பாவம் என்று நம் ஊரில் எல்லோருக்கும் ஒரு எண்ணம், அந்த எண்ணத்தில்தான் கெட்டதும் கை மாறுகிறது.

இல்லத்துப் பிள்ளைகளுக்கு வருவோம். அவர்களுக்கு என்ன சாப்பாடு, எவ்வளவு என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் விதிகளிலேயே அளவு வகுத்திருக்கிறார்கள். காலை உணவோடு சேர்த்து ஒரு நாளைக்கு நான்கு வேளை, உணவுப் பட்டியல் தயாரித்துச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் "மண்டபத்தில் மிஞ்சினால்" என்று எழுத இடம் கிடையாது. பலசரக்குச் செலவு பாதியானதைச் சாதனையாகக் கமிட்டியில் வாசிக்கிறார் என்றால், பிள்ளைகளின் சாப்பாட்டுக்கென்று வந்த பணத்தில் பாதி எங்கே நிற்கிறது என்று அதே கூட்டத்தில் ஒருவர் கேட்டிருக்க வேண்டாமா? யாரும் கேட்கவில்லை என்பதே அந்தக் கமிட்டியைப் பற்றி எனக்கு நிறையச் சொல்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறந்தநாளுக்கும் நினைவு நாளுக்கும் பிரியாணிப் பொட்டலத்தோடு வருகிறவர்கள், பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, வாழ்த்துப் பாட்டுப் பாடச் சொல்லி, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடுவது நம் மாவட்டத்தில் சர்வ சாதாரணம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற பிள்ளையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று சட்டத்தின் 74-ஆவது பிரிவு சொல்கிறது, மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். உணவு மீட்பு வேலையில் நன்கொடையாளருக்குக் காட்ட போட்டோ தேவைப்படும், பாத்திரத்தை எடுங்கள், வண்டியை எடுங்கள், பிள்ளைகள் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள்.

சரி, கமிட்டி.

வேண்டாம் என்பதுதான் என் பதில். முதல் காரணம் உங்கள் ஆசையிலேயே இருக்கிறது. குழந்தைகள் நலக் குழு என்பது ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்டது, மாஜிஸ்திரேட் அமர்வுக்கு உள்ள அதிகாரம் அதற்கு உண்டு, மாதம் 20 நாளாவது கூட வேண்டும், பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகாது. பிள்ளைகளோடு வேலை பார்த்த ஏழு வருட அனுபவம் கேட்பார்கள், 35 வயது தாண்டியிருக்க வேண்டும், உங்களுக்கு இரண்டும் இருக்கிறது. ஆனால் 2021-இல் சட்டத்தைத் திருத்தியபோது, மாவட்டத்தில் ஏதாவது ஒரு குழந்தைகள் இல்லத்தின் நிர்வாகத்தில் இருப்பவர் குழுவில் உறுப்பினராக முடியாது என்று சேர்த்துவிட்டார்கள். நியாயம்தான். எந்தப் பிள்ளை எந்த இல்லத்துக்குப் போக வேண்டும் என்று உத்தரவு போடுவதும், மாதம் இரண்டு முறையாவது இல்லங்களுக்குப் போய்ப் பார்வையிடுவதும் அந்தக் குழுதான், தன் இல்லத்தையே ஒருவர் எப்படிப் பார்வையிடுவார்? இன்றைக்கு மரியாதைக்காகக் கமிட்டியில் போடுகிற கையெழுத்து, நீங்கள் உண்மையில் போக விரும்புகிற இடத்தின் வாசலை அடைத்துவிடும்.

இரண்டாவது, சம்பளம் வாங்கிக்கொண்டே கமிட்டியில் இருப்பது. நியாயமான சம்பளம் கொடுப்பதை வருமான வரிச் சட்டம் தடுக்கவில்லை, நிர்வாகத்தில் இருப்பவருக்கு வேலைக்கு மிஞ்சிக் கொடுத்தால்தான் அறக்கட்டளையின் வரிவிலக்குக்கே ஆபத்து. ஆனால் சட்டத்தை விடுங்கள், நடைமுறையைப் பாருங்கள். உங்கள் வேலையை மேற்பார்வை பார்க்க வேண்டிய கமிட்டியில் நீங்களே இருந்தால், அங்கே செயலாளர் சொல்வதற்கு எதிராக உங்கள் வாய் எப்படித் திறக்கும்? அடுத்த மாதச் சம்பளம் அவர் கையெழுத்தில்தானே வருகிறது. ஆமாம் போட ஒரு தலை கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான். வாந்தி நடந்து ஒரு மாதத்துக்குள் இந்த அழைப்பு வந்திருப்பது தற்செயலா என்று எனக்குத் தெரியாது, உங்கள் இடத்தில் நான் இருந்தால் யோசிப்பேன்.

மூன்றாவது, பொறுப்பு. கமிட்டி என்றால் ஆண்டு விழாவில் சால்வை என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். இல்லம் பதிவு இல்லாமல் நடந்தால் பொறுப்பில் இருப்பவருக்கு ஒரு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம். தனக்குக் கீழே வேலை செய்கிறவர் ஒரு பிள்ளையிடம் தவறாக நடந்ததை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் போக்சோ சட்டத்தில் அபராதத்தோடு ஒரு வருடம் வரை சிறை. "எனக்கு யாரும் சொல்லவில்லை" என்பது வீட்டில் செல்லும், விசாரணையில் செல்லாது. பிற்காலத்தில் வேறு எந்த நிறுவனம் கூப்பிட்டாலும் சரி, ஆமாம் என்று சொல்லும் முன் பதிவுச் சான்றிதழைப் பாருங்கள் (ஐந்து வருடத்துக்குத்தான் கொடுப்பார்கள், தேதி முடிந்திருக்கும்), மாவட்ட ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வர வேண்டும், கடைசியாக வந்தபோது என்ன எழுதிவிட்டுப் போனது என்று கேளுங்கள், மூன்று வருடத் தணிக்கை அறிக்கையையும் தீர்மானப் புத்தகத்தையும் ஒரு மத்தியானம் உட்கார்ந்து வாசியுங்கள். தீர்மானப் புத்தகம் எல்லாப் பக்கத்திலும் ஒரே பேனாவில், ஒரே மையில் எழுதியிருந்தால் ஒரே நாளில் எழுதியது என்று அர்த்தம். காசோலையில் கையெழுத்துப் போடுகிறவர்கள் புருஷனும் பெண்டாட்டியுமாக இருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

இனி, நான் உங்களுக்கு உண்மையில் சொல்ல நினைப்பது. பிள்ளைகள் வேலையையும் சாப்பாட்டு வேலையையும் சேர்ப்பது நல்ல யோசனைதான், கமிட்டி சேர்த்த இடம்தான் தவறு. இல்லத்துக்கு வந்துவிட்ட பிள்ளையின் தட்டில் சேர்க்காதீர்கள், பிள்ளை இல்லத்துக்கு வருவதற்கு முந்தைய வீட்டில் சேருங்கள்.

நம் மாவட்டத்தில் ஒரு பிள்ளை எப்போது போர்டிங்குக்கு வருகிறது என்று 11 வருடமாகப் பார்த்திருப்பீர்கள். ஜூன். அது பள்ளி திறக்கிற மாதம் மட்டும் இல்லை. சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம், குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குலசேகரம், திருவட்டாறு மலையோரத்தில் மழை பிடித்தால் ரப்பர் பால் வெட்டு நின்றுவிடும். கடலும் மலையும் ஒரே மாதத்தில் வீட்டுக்குக் காசு கொடுக்காமல் விடுகிற மாவட்டம் நம்முடையது. ஒக்கிப் புயலில் 2017-இல் அப்பாவைக் கடலில் விட்ட தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பிள்ளைகளில் எத்தனை பேர் "மூன்று வேளைச் சோறாவது கிடைக்கட்டும்" என்று அனுப்பப்பட்டார்கள் என்று உங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். அண்டி ஆபீசுக்கு (முந்திரி ஆலைக்கு) வேலைக்குப் போகிற அம்மா உயிரோடு இருக்கிறார், பாட்டி இருக்கிறார், வீடு இருக்கிறது, அரிசிதான் இல்லை. பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது எல்லா வழியும் அடைபட்ட பிறகு எடுக்கிற கடைசி முடிவாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, நம் ஊரில் அதைத்தான் முதலில் யோசிக்கிறார்கள்.

அந்த வீட்டுக்கு எது போக வேண்டும்? ஒன்பது மணி நேரம் பழசான அவியல் இல்லை. அரிசி, பருப்பு, முட்டை, எண்ணெய், வடசேரிச் சந்தையிலும் அப்டா மார்க்கெட்டிலும் சாயங்காலம் விலை போகாமல் கிடக்கிற வெண்டைக்காயும் தடியங்காயும் (பூசணி), சூப்பர் மார்க்கெட்டில் தேதி முடிய இன்னும் சில வாரம் இருக்கிற பாக்கெட்டுகள். உலகத்தில் முதல் உணவு வங்கி என்று சொல்லப்படுவது 1967-இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரத்தில் ஜான் வான் ஹெங்கல் தொடங்கியது. கடைகள் தூக்கிப் போடுகிறதை எடுத்துத் தன் பத்துப் பிள்ளைகளை வளர்த்த ஒரு அம்மாவைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனையே வந்தது. அங்கே பிள்ளைகள் அம்மாவோடுதான் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். நம் நாட்டில் 2014-இல் டெல்லியில் ராபின் ஹுட் ஆர்மியும் கோயம்புத்தூரில் நோ ஃபுட் வேஸ்ட்டும் என்ற உணவு மீட்பு அமைப்புகள் ஆரம்பித்தபோது சமைத்த உணவுதான் முன்னால் நின்றது. நம் ஊர் மண்டபங்களைப் பார்த்தால் அதன் தேவையும் புரிகிறது. ஆனால் சமைக்காத பொருளுக்கு ஓடுகிற ஆட்கள் நம் மாவட்டத்தில் குறைவு. உங்களுக்கு எந்த வீடு என்று தெரியும், வேறு யாருக்குத் தெரியும்?

அரிசி மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் நிதி ஆதரவு இருக்கிறது, தகுதியுள்ள பிள்ளைக்கு, வீட்டிலேயே இருந்து படிக்க, மாதம் 4,000 ரூபாய். விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில். பெற்றோர் இருவரையும் இழந்த, அல்லது ஒருவரை இழந்து மற்றவர் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கிற பிள்ளைகளுக்குத் தமிழக அரசு 2025-இல் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000. பணம் வரும் வரைக்கும் உள்ள மாதங்களைத் தாண்டுவதற்குத்தான் உங்கள் அரிசி. அரிசியையும் இந்தப் பணத்தையும் சேர்த்து ஒரு வீட்டில் வேலை பார்த்தால் ஜூனில் பெட்டியோடு வருகிற பிள்ளைகளில் சிலரையாவது குறைக்கலாம். இல்லத்துக் கமிட்டிக்கு இது பிடிக்காது, பிள்ளை குறைந்தால் நன்கொடையும் குறையும்.

இதற்குத் தனியாக ஒரு சங்கம் பதிவு செய்யுங்கள், இல்லத்தின் பெயரில் வேண்டாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் ஏழு பேர் போதும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முடிந்துவிடும். அதில் நிர்வாகியாக இருந்தால் குழந்தைகள் இல்லத்து நிர்வாகி ஆக மாட்டீர்கள், ஆனாலும் குழுவுக்கு விண்ணப்பிக்கும் முன் அந்தப் பதவியும் தடையாகுமா என்று பாதுகாப்பு அலகில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏழு பேரில் ஒருவர் கணக்குத் தெரிந்தவர், ஒருவர் சந்தையில் கடை வைத்திருப்பவர், ஒருவர் நர்ஸ் என்று பிடியுங்கள், சொந்தக்காரர்களை விட்டுவிடுங்கள். மண்டபத்துக்காரரும் கடைக்காரரும் நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை தருகிற 80ஜி ரசீது கேட்பார்கள். பொருளாகக் கொடுப்பதற்கு 80ஜி சலுகை கிடையாது, ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கிடையாது, காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுக்கச் சொல்லுங்கள். அரிசி மூட்டைக்கு விலை போட்டு ரசீது கேட்கிற ஆள் நிச்சயம் வருவார், கொடுக்காதீர்கள்.

மாமியார் கேட்டது நல்ல கேள்வி, கோபப்படாதீர்கள். கமிட்டியில் சம்பளம் கிடையாது, குழந்தைகள் நலக் குழுவில் கிடைப்பதும் அமர்வுப்படிதான், அதுவும் மூன்று வருடத்துக்கு. கல்ஃப் பணம் என்றைக்கும் வரும் என்று எந்த வீடும் நம்ப முடியாது. ஆகவே இப்போதைய வேலையை உடனே விடாதீர்கள், பாதுகாப்பு அலகில் பாதுகாப்பு அலுவலர், ஆற்றுப்படுத்துநர் போன்ற ஒப்பந்தப் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தால் போடுங்கள், சம்பளமும் அனுபவமும் சேர்ந்து வரும்.

கமிட்டிக்கு எழுத்தில் பதில் கொடுங்கள், நன்றி சொல்லி, பணியாளராகவே தொடர விரும்புகிறேன் என்று இரண்டு வரி போதும். அதோடு கலக்காமல் தனிக் கடிதமாக, வாந்தி நடந்த தேதி, எத்தனை பிள்ளைகள், என்ன சாப்பிட்டார்கள், யார் மருத்துவம் பார்த்தது என்று கண்காணிப்பாளருக்கு எழுதி, பாதுகாப்பு அலகுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், மண்டபச் சாப்பாட்டை இல்லத்துக்குள் நிறுத்தவும் அதிலேயே கேளுங்கள். இந்த இரண்டையும் கொடுக்கும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. குழுவுக்கு விண்ணப்பிக்கும்போது அனுபவச் சான்றிதழ் கேட்பார்கள். 11 வருடத்துக்கும் சான்றிதழை இந்த வாரமே கேட்டு வாங்கி வைத்துவிடுங்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பிறகு அதே செயலாளரிடம் போய் நிற்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.